சி மொழியில் ஸ்ட்ரிங் காப்பி: பஃபர் வழியாமல் எழுத முழுமையான வழிகாட்டி

சி-யில் ஸ்ட்ரிங் என்று தனி டைப் எதுவும் கிடையாது. வரிசையாகச் சில பைட்டுகள், கடைசியில் ஒரு பூஜ்ய பைட், அவ்வளவுதான். நீளம் தெரிய வேண்டுமென்றால் முதல் பைட்டிலிருந்து பூஜ்யம் வரை எண்ணிக்கொண்டே போக வேண்டும். காப்பியைக் கொண்டுபோய்ப் போடுகிற மெமரித் துண்டில், அதாவது பஃபரில், எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை எழுதுகிறவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும், மொழி வைத்துக்கொள்ளாது. காப்பி செய்ய சி தரும் ஸ்ட்ர்காப்பி என்ற ஃபங்ஷன் என்ன செய்கிறது? சோர்ஸில், அதாவது எடுக்கிற ஸ்ட்ரிங்கில், பூஜ்யம் வரும் வரை ஒவ்வொரு பைட்டாக எடுத்து பஃபரில் போடுகிறது. சோர்ஸில் 40 எழுத்து என்றால் பூஜ்யத்தோடு 41 பைட். பஃபர் 16 பைட் என்றால் மீதி 25 பைட்டும் பக்கத்தில் இருக்கிற வேறு யாருடைய மெமரியிலாவது போய் உட்காரும். ஃபங்ஷன்கள் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரியான ஸ்டாக்கில் இப்படி வழிந்தால் ஃபங்ஷன் திரும்பிப் போக வேண்டிய முகவரியே மாறிப்போகலாம், அதை வெளியாள் ஒருவர் தனக்கு வேண்டியபடி மாற்றவும் முடியும்.

1988 நவம்பர் 2 அன்று இணையத்தை முடக்கிய மோரிஸ் வார்ம் (தானாகப் பரவும் புரோகிராம்) உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சேவை, ஒரு வரியைப் படித்து வாங்கும் கெட்ஸ் ஃபங்ஷனைக் கொண்டு 512 பைட் பஃபரில் உள்ளீட்டை வாங்கிக்கொண்டிருந்தது. வார்ம் 536 பைட் அனுப்பியது. பஃபரின் அளவைக் கேட்கவே கேட்காத அந்த கெட்ஸை சி தரத்திலிருந்து நீக்க 2011 வரை ஆனது என்பதை என்னவென்று சொல்ல!

"எந்த ஃபங்ஷன் பாதுகாப்பானது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: பஃபரில் எவ்வளவு இடம், சோர்ஸ் எவ்வளவு நீளம், கொள்ளாவிட்டால் என்ன செய்யப் போகிறோம். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் சொன்ன எண்ணிக்கை பைட்டை அப்படியே நகலெடுக்கும் வெறும் மெம்காப்பியே போதும். பதில் இல்லையென்றால் எந்த ஃபங்ஷனைக் கொண்டுவந்தாலும் ஓட்டை வேறு இடத்தில் திறக்கும்.

படி 1: பஃபரின் அளவைக் கையோடு கொண்டுபோங்கள்

ஒரு ஃபங்ஷனுக்குள் 64 பைட் கேரக்டர் அரே அறிவித்தால், அதே ஃபங்ஷனில் அளவு சொல்லும் சைஸ்ஆஃப் போட்டால் 64 வரும். சரி. அதே அரேயை வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பி, அங்கே சைஸ்ஆஃப் போட்டால் 64 பிட் கணினியில் 8 வரும், ஏனென்றால் அங்கே போய்ச் சேர்ந்தது வெறும் பாயிண்டர், அதாவது முகவரி மட்டும். பெராமீட்டரில் சதுர அடைப்புக்குள் 64 என்று எழுதி வைத்திருந்தாலும் இதே கதைதான், கம்பைலர் அந்த எண்ணை இந்த விஷயத்தில் கண்டுகொள்வதே இல்லை. 64-க்குப் பதில் 8 வந்தால் தரவு வெட்டுப்படும், கண்ணில் பட்டுவிடும். சில எழுத்தே கொள்ளும் சின்ன பஃபருக்கு 8 என்று போனால்தான் வழியும்.

ஆகவே எழுத்தை எழுதப்போகிற எந்த ஃபங்ஷனும் பாயிண்டரோடு அளவையும் கட்டாயம் வாங்க வேண்டும். அளவு என்றால் பூஜ்யத்தையும் சேர்த்து மொத்த பைட். சிலர் ஒரு இடத்தில் பூஜ்யத்தைச் சேர்த்தும் இன்னொரு இடத்தில் சேர்க்காமலும் அனுப்புவார்கள், ஒரு பைட் மட்டும் வழிகிற பிழைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன. புராஜெக்ட் முழுக்க ஒரே வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டு வைப்பது மட்டும் காப்பாற்றாது, கணக்கு சரியாகவும் இருக்க வேண்டும். 2015 ஜனவரியில் வெளியான கோஸ்ட் ஓட்டை லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி-யில் இருந்தது. ஹோஸ்ட் பெயரைத் தேடும் கோடு, பஃபர் போதுமா என்று ஒழுங்காகக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ஸ்ட்ர்காப்பியைக் கூப்பிட்டது. அந்தக் கூட்டலில் ஒரே ஒரு பாயிண்டரின் அளவு விட்டுப்போயிருந்தது. 4 அல்லது 8 பைட் வழிந்தது, தாக்குதலுக்கு அதுவே போதுமாக இருந்தது.

படி 2: சோர்ஸை நம்பலாமா என்று பாருங்கள்

சோர்ஸ் எங்கிருந்து வருகிறது? நீங்களே கோடில் எழுதி வைத்த மாறாத வாக்கியம் என்றால் பூஜ்யம் கட்டாயம் இருக்கும். ஃபைலிலிருந்தோ சாக்கெட்டிலிருந்தோ ரீட், ரிசீவ் போட்டு எடுத்த பைட்டுகள் என்றால் இருக்காது, அவை பூஜ்யம் சேர்ப்பதில்லை. அப்படி வந்ததை நேராக, நீளம் எண்ணும் ஸ்ட்ர்லென்னிடம் கொடுத்தால் அது பஃபரைத் தாண்டி எங்காவது பூஜ்யம் கிடைக்கும் வரை படித்துக்கொண்டே போகும். எத்தனை பைட் வந்தது என்று ரீட் சொல்கிறது அல்லவா, அந்த எண்ணை வைத்தே வேலையைப் பாருங்கள். பூஜ்யம் வேண்டுமென்றால், ஒரு பைட் குறைவாகப் படிக்கச் சொல்லிவிட்டு, ரீட் பிழை சொல்லவில்லை என்று பார்த்துவிட்டு, கடைசியில் நீங்களே போடுங்கள்.

நாமே எழுதுகிற லூப்பும் பூஜ்யத்தைத் தாண்டக்கூடும். 2021 ஜனவரியில் வெளிவந்த, நிர்வாகி உரிமையோடு கமாண்டை ஓட்டும் சூடோ கருவியின் ஓட்டை (பேரன் சாமெடிட் என்று பெயர் வைத்தார்கள்) இதற்கு நல்ல பாடம். பேக்ஸ்லாஷ் வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த எழுத்தை எடுத்துக்கொள் என்று ஒரு லூப். கொடுக்கப்பட்ட சொல் பேக்ஸ்லாஷிலேயே முடிந்தால் அடுத்தது பூஜ்யம்தானே? லூப் அந்த பூஜ்யத்தையும் ஒரு எழுத்தாக எடுத்துப் போட்டுவிட்டு, அதற்கு அப்பால் இருந்ததையெல்லாம் ஹீப்பில் (ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) இருந்த பஃபருக்குள் கொட்டிக்கொண்டே போனது. 2011-ல் நுழைந்த பிழை, சாதாரண பயனர் ரூட், அதாவது முழு நிர்வாகி, ஆகிவிடலாம், கிட்டத்தட்ட பத்து வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. லூப்புக்குள் ஒரே சுற்றில் இரண்டு எழுத்து நகர்கிறீர்கள் என்றால், இரண்டாவதை எடுப்பதற்கு முன் அது பூஜ்யமா என்று பாருங்கள்.

படி 3: கொள்ளாவிட்டால் என்ன என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

வழி மூன்றுதான். பிழை என்று சொல்லி நிறுத்துவது, தேவையான அளவு மெமரி வாங்குவது, வெட்டுவது. பலர் யோசிக்காமலே மூன்றாவதற்குப் போய்விடுகிறார்கள், க்ராஷ் ஆகவில்லை என்றால் பாதுகாப்பு என்று நினைத்து. திரையில் காட்டும் தலைப்பு, லாக் வரி இதையெல்லாம் வெட்டலாம், பாதகமில்லை. ஃபைல் பாதை, பயனர் பெயர், ஹோஸ்ட் பெயர், கமாண்ட் இவற்றை மட்டும் வெட்டவே கூடாது. ஒரு பயனரின் ஹோம் ஃபோல்டருக்குள் கேஷ், அதற்குள் பழைய செஷன் என்று நீளும் ஒரு பாதையை நினைத்துப் பாருங்கள். அது பாதியில் வெட்டுப்பட்டு ஹோம் ஃபோல்டரோடு நின்றுவிட்டால், உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கும் ஃபங்ஷனுக்கு அது முற்றிலும் ஒழுங்கான பாதை. ஒரு பைட்கூட வழியவில்லை, ஆனால் பயனரின் ஃபைல் எல்லாம் போச்சு.

என் கருத்து: சந்தேகம் இருந்தால் பிழை சொல்லி நிறுத்துங்கள்.

படி 4: ஃபங்ஷன்களின் குணம்

எத்தனை பைட் என்று ஒரு எண்ணையும் வாங்கும் ஸ்ட்ர்என்காப்பி பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும், ஏனென்றால் "ஸ்ட்ர்காப்பி ஆபத்து, நடுவில் 'என்' எழுத்தைச் சேர்த்துக்கொள்" என்ற அறிவுரை இன்னும் வகுப்பறைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது பாதுகாப்புக்காகப் பிறந்த ஃபங்ஷனே இல்லை. பழைய யூனிக்ஸில் ஒரு டைரக்டரி என்ட்ரிக்கு 16 பைட்: 2 பைட் ஃபைலை அடையாளம் காட்டும் ஐநோட் எண்ணுக்கு, 14 பைட் ஃபைல் பெயருக்கு. பெயர் சின்னதாக இருந்தால் மீதியைப் பூஜ்யத்தால் நிரப்பு, சரியாக 14 இருந்தால் பூஜ்யமே வேண்டாம். அப்படிப்பட்ட நிலையான அகலக் கட்டங்களுக்குத்தான் இது பொருந்தும். அதனால் இரண்டு குணங்கள் கூடவே வருகின்றன: சோர்ஸ் பெரிதாக இருந்தால் கடைசியில் பூஜ்யம் வைக்காது, சின்னதாக இருந்தால் பஃபர் முழுக்கப் பூஜ்யம் அடிக்கும். 4096 பைட் பஃபரில் 5 எழுத்து காப்பி செய்தால் 4091 பூஜ்யம் எழுதுகிறது.

பூஜ்யம் வைக்காதது எப்படிக் கடிக்கும் என்று பாருங்கள். ஒரு ஸ்ட்ரக்சரில் ஊர் பெயருக்கு 8 பைட், அதை அடுத்து பின்கோடுக்கு 7 பைட். மதுரையை ஆங்கில எழுத்தில் எழுதினால் 7 எழுத்து, பூஜ்யத்தோடு 8, கச்சிதம். கோயம்புத்தூரின் ஆங்கிலப் பெயரில் 10 எழுத்து. ஸ்ட்ர்என்காப்பியிடம் 8 என்று கொடுத்தால் முதல் 8 எழுத்தைப் போட்டுவிட்டு நின்றுவிடும், பூஜ்யம் இல்லை. ஊரை அச்சடிக்கச் சொன்னால் பாதி ஊர் பெயரின் வாலில் 641001 ஒட்டிக்கொண்டு வரும். மதுரையை வைத்து டெஸ்ட் செய்தவருக்கு இது கடைசி வரை தெரியவே தெரியாது. கடைசி பைட்டில் கையால் பூஜ்யம் வைத்தால் இது தீரும், ஆனால் வெட்டுப்பட்டதா என்ற செய்தி அப்போதும் கிடைக்காது.

ஒரு ஸ்ட்ரிங்கின் வாலில் இன்னொன்றைச் சேர்க்கும் ஸ்ட்ர்என்கேட் இன்னும் மோசம். அதற்குக் கொடுக்கும் எண் பஃபரின் அளவு கிடையாது. எத்தனை எழுத்து புதிதாகச் சேர்க்கலாம் என்பது, அதற்கு மேல் ஒரு பூஜ்யமும் எழுதும். ஆக, மீதி இடத்தில் ஒன்றைக் கழித்துக் கொடுக்க வேண்டும். பெயர் ஒரே மாதிரி, கணக்கு வேறு.

ஸ்ட்ர்எல்காப்பி, டாட் மில்லரும் தியோ டி ராட்டும் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காகச் செய்தது, 1998-ல் 2.4 பதிப்பில் வந்தது. பஃபரின் முழு அளவைக் கொடுத்தால் போதும், பூஜ்யம் கட்டாயம் வைக்கும் (அளவு 0 இல்லாத வரை), சோர்ஸின் முழு நீளத்தைத் திருப்பிக் கொடுக்கும். திரும்பி வந்த எண் பஃபர் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் வெட்டுப்பட்டது என்று அர்த்தம். ஜிலிப்சி இதை ஏற்றுக்கொள்ள 2023 வரை, அதாவது 2.38 பதிப்பு வரை ஆனது, 2024-ல் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்திலும் இடம்பிடித்தது. ஒரு குறை: முழு நீளத்தைச் சொல்ல வேண்டுமே என்று சோர்ஸைக் கடைசி வரை படிக்கும். பூஜ்யம் இருக்கிறதா என்று தெரியாத சோர்ஸைக் கொடுத்தால் அது வெளியே படித்துக்கொண்டு போகும். இந்தக் காரணத்தால்தான் லினக்ஸ் கெர்னல் ஸ்ட்ர்எஸ்காப்பி என்று வேறொன்றை 2015-ல் கொண்டுவந்தது. தேவைக்கு மேல் படிக்காது, வெட்டுப்பட்டால் நெகட்டிவ் பிழை எண் தரும். 2024-ல் வந்த 6.8 கெர்னலில் ஸ்ட்ர்எல்காப்பியையே தூக்கிவிட்டார்கள்.

ஃபார்மட் செய்து பஃபரில் எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப் சி99 தரத்திலிருந்து எங்கும் கிடைக்கும். வேகம் குறைவு, ஆனால் பல துண்டுகளைச் சேர்த்து ஒரு பாதையோ செய்தியோ உருவாக்க இதைவிட வசதி இல்லை. சோர்ஸை ஃபார்மட் இடத்தில் நேராக வைக்காதீர்கள். பர்சென்ட் எஸ் போட்டு, அதற்குப் பிறகு வையுங்கள், இல்லாவிட்டால் வெளியாள் அனுப்பும் பர்சென்ட் குறிகளுக்கெல்லாம் உங்கள் புரோகிராம் பதில் சொல்லும். விஷுவல் ஸ்டுடியோ 2015-க்கு முன்னால் மைக்ரோசாஃப்டிடம் இருந்தது அண்டர்ஸ்கோரில் ஆரம்பிக்கும் வேறொன்று, அது வழியும்போது பூஜ்யம் வைக்காது. பழைய கோடில் அதைப் பார்த்தால் மாற்றிவிடுங்கள்.

சி11-ன் கே இணைப்பில் இருக்கும் ஸ்ட்ர்காப்பி அண்டர்ஸ்கோர் எஸ் குடும்பத்தை நான் பரிந்துரைப்பதில்லை. கட்டாயமில்லாத இணைப்பு, ஜிலிப்சி-யில் இல்லவே இல்லை, மைக்ரோசாஃப்டின் வடிவமும் தரத்தில் உள்ளதும் முழுக்க ஒத்துப்போவதில்லை. விண்டோஸில் மட்டும் ஓடும் கோடு என்றால் உங்கள் விருப்பம்.

படி 5: சொந்தமாக ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள்

கொள்ளாவிட்டால் பிழை என்ற கொள்கைக்கு இதுவே போதும்:

1. பஃபர் பாயிண்டர், பஃபர் அளவு, சோர்ஸ் மூன்றையும் வாங்கி, உண்மை அல்லது பொய் திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷன்.
2. அளவு 0 என்றால் எதையும் தொடாமல் பொய்.
3. ஸ்ட்ர்என்லென்னிடம் சோர்ஸையும் பஃபர் அளவையும் கொடுத்து நீளம் வாங்குங்கள். அந்த அளவுக்கு மேல் அது சோர்ஸைப் படிக்காது.
4. வந்த நீளம் அளவுக்குச் சமம் என்றால் பூஜ்யத்துக்கு இடமில்லை. பஃபரின் முதல் பைட்டில் பூஜ்யம் வைத்துவிட்டுப் பொய்.
5. இல்லையென்றால் மெம்காப்பி போட்டு அத்தனை பைட், அடுத்த இடத்தில் நீங்களே ஒரு பூஜ்யம், பிறகு உண்மை.

பூஜ்யத்தையும் சேர்த்து மெம்காப்பி செய்யாமல் நாமே வைப்பதற்குக் காரணம் உண்டு. இன்னொரு த்ரெட் இடையில் சோர்ஸை மாற்றினால் (அதுவே தனிப் பிழை, இருந்தாலும்) உள்ளடக்கம் கெட்டாலும் நம் பஃபருக்கு முடிவு இருக்கும். நான்காவதில் முதல் பைட்டைப் பூஜ்யமாக்குவது, ரிட்டர்ன் வேல்யூவைப் பார்க்காதவர் கையில் குப்பைக்குப் பதில் வெற்று ஸ்ட்ரிங் போய்ச் சேரட்டும் என்பதற்காக. அவரைப் பார்க்க வைக்கவும் வழி உண்டு: ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டிலும் வார்ன் அன்யூஸ்டு ரிசல்ட் ஆட்ரிபியூட், சி23-ல் நோடிஸ்கார்ட். போட்டுவிட்டால் ரிட்டர்ன் வேல்யூவைத் தூக்கி எறியும் ஒவ்வொரு வரிக்கும் கம்பைலர் முணுமுணுக்கும்.

படி 6: துண்டு துண்டாகச் சேர்க்கும்போது

எஸ்என்பிரிண்ட்எஃப் எத்தனை எழுத்து எழுதியது என்று சொல்வதில்லை. இடம் இருந்திருந்தால் எத்தனை எழுதியிருக்கும் என்று சொல்கிறது. 16 பைட் பஃபரில் 40 எழுத்தை எழுதச் சொன்னால் 15-ஐ எழுதிவிட்டு 40 என்று திருப்பித் தரும். அதை அப்படியே பொசிஷனோடு கூட்டிவிட்டு, அடுத்த முறை மீதி இடம் என்று 16-லிருந்து 40-ஐக் கழித்தால் என்ன ஆகும்? அளவுகளுக்கான சைஸ்டி டைப்புக்கு நெகட்டிவ் தெரியாது, பிரம்மாண்டமான ஒரு எண் வரும், அடுத்த எழுத்து பஃபருக்கு வெளியே எந்தத் தடையும் இல்லாமல் போகும். ஒவ்வொரு முறையும் வந்த எண் நெகட்டிவா என்று பார்த்து, பிறகு மீதி இடத்துக்குச் சமமா அதிகமா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் கூட்ட வேண்டும். எளிதாக வேண்டுமென்றால் எல்லாத் துண்டுகளையும் ஒரே அழைப்பில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், ஒரே பஃபரை சோர்ஸாகவும் கொடுத்து அதிலேயே எழுதச் சொல்லாதீர்கள். அது வரையறுக்கப்படாத நடத்தை, இன்று வேலை செய்வது நாளை ஆப்டிமைசேஷன் மாறினால் செய்யாது. ஒரே இடத்துக்குள் நகர்த்த மெம்மூவ் இருக்கிறது.

படி 7: ஹீப்பில் வாங்கும்போது

அளவு முன்கூட்டித் தெரியாதென்றால் மெமரியும் வாங்கி காப்பியும் செய்து தரும் ஸ்ட்ர்டப் போட்டுவிடுங்கள், கணக்கும் வேண்டாம் கவலையும் வேண்டாம், நல் (மெமரி கிடைக்கவில்லை என்று சொல்லும் வெற்றுப் பாயிண்டர்) வந்ததா என்று பார்த்து, முடிந்ததும் ஃப்ரீ செய்தால் சரி. கையால் மாலாக் போட்டு மெமரி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்ட்ர்லென்னின் அடைப்புக்கு வெளியே வர வேண்டிய கூட்டல் 1 உள்ளே போய்விட்டால், அது இரண்டாவது எழுத்திலிருந்து எண்ணும், தேவையானதைவிட 2 பைட் குறைவாகக் கிடைக்கும். கம்பைல் ஆகும், ஓடவும் ஓடும், ஏனென்றால் 64 பிட் ஜிலிப்சி எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் 24 பைட் பயன்படுத்தும்படித்தான் தருகிறது. சின்னப் பெயர்களுக்கெல்லாம் பிழை ஒளிந்துகொண்டு, நீளமான பெயர் ஒன்றில் ஹீப்பைக் கெடுக்கும்.

படி 8: தமிழ் எழுத்து வந்தால்

வெட்டலாம் என்று முடிவு செய்த இடங்களுக்கு மட்டும்தான் இது, ஆனால் நம் ஆட்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. யுடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரில் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனிக் குறியீடு, மொத்தம் 15, ஆக 45 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 32 பைட் பஃபரில் தாராளமாகக் கொள்ளும் பெயர், தமிழில் கொள்ளாது. 31-வது பைட்டில் வெட்டினால் "கிருஷ்ணமூர" வரை 30 பைட், அதற்குப் பிறகு வர வேண்டிய புள்ளியின் முதல் பைட் மட்டும் அநாதையாக நிற்கும். திரையில் அது கேள்விக்குறி போட்ட கட்டமாகத் தெரியும். சில ஜேசன் பார்சர்கள் முழுச் செய்தியையும் தள்ளிவிடும்.

முதல் திருத்தம் சுலபம். வெட்டும் இடத்தில் சோர்ஸில் இருக்கும் பைட்டைப் பாருங்கள்; அதன் மேல் இரண்டு பிட்டுகள் 1, 0 என்றால் அது ஒரு குறியீட்டின் நடுப்பகுதி, ஒரு பைட் பின்னால் வாருங்கள், அப்படி இல்லாத பைட் வரும் வரை. இங்கே 30-க்கு வந்து நிற்கும். யுடிஎஃப்-8 சரியாகிவிட்டது, தமிழ் இன்னும் சரியாகவில்லை: "ர்" என்பது "ர" ஆகிவிட்டது. வெட்டிய இடத்துக்கு அடுத்து வருவது புள்ளியோ உயிர்மெய்க் குறியோ என்றால் இன்னும் ஒரு குறியீடு பின்னால் போக வேண்டும். "கிருஷ்ணமூ" என்று 27 பைட்டில் முடியும். முழுமையாகச் செய்ய ஐசியூ என்ற யூனிகோட் நூலகம் இருக்கிறது, வெறும் தமிழுக்கு மட்டும் என்றால் சில வரிகளில் முடிகிற வேலை.

படி 9: கருவிகளிடம் கொடுத்து அடித்துப் பாருங்கள்

ஜிசிசி-யில் ஆல், எக்ஸ்ட்ரா எச்சரிக்கைகளைப் போடுங்கள்; 8-வது பதிப்பிலிருந்து ஸ்ட்ர்என்காப்பி பூஜ்யமில்லாமல் வெட்டும் இடங்களையும் சொல்கிறது. டெஸ்ட் செய்யும்போது அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்தால், வழிந்த முதல் பைட்டிலேயே புரோகிராமை நிறுத்தி எந்த வரி என்று காட்டும். வெளியிடும் பதிப்பில் ஆப்டிமைசேஷனோடு ஃபார்ட்டிஃபை சோர்ஸ் என்ற அமைப்பை 2 அல்லது 3 என்று வையுங்கள். கம்பைலருக்கு அளவு தெரிந்த பஃபர்களில் வழியப்போகும்போது புரோகிராமை அங்கேயே கொன்றுவிடும். அளவு தெரியாத இடங்களில் அது கைவிரித்துவிடும், அதனால் அதை நம்பி படி 1-ஐ விட்டுவிட வேண்டாம்.

டெஸ்டுக்கு எந்த நீளங்கள் வேண்டும் என்பதும் நிச்சயமானதுதான். பஃபர் 16 என்றால் 0, 1, 14, 15, 16, 17 எழுத்துகள், பிறகு சில ஆயிரம். 15 கொள்ள வேண்டும், 16 கொள்ளக் கூடாது, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாச் சண்டையும். பிறகு பூஜ்யமே இல்லாத ஒரு சோர்ஸ்.

பழைய கோடைக் கையில் எடுப்பவர்கள், தேடி மாற்றும் வசதியைக் கொண்டு ஸ்ட்ர்காப்பி எல்லாவற்றையும் ஸ்ட்ர்என்காப்பி ஆக்கிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், வழியும் பிழைகளை வெட்டும் பிழைகளாக மாற்றியதுதான் மிச்சமாகும். முதலில் நெட்வொர்க், ஃபைல், கமாண்ட் லைன், என்விரான்மென்ட் வேரியபிள் வழியாக வரும் ஸ்ட்ரிங்குகள் எங்கெல்லாம் போகின்றன என்று பின்தொடர்ந்து, அந்த வரிகளைப் படி 5-ன் ஃபங்ஷனுக்கு மாற்றுங்கள். 64 பைட் அரேக்குள் மாறாத 10 எழுத்தைப் போடும் ஸ்ட்ர்காப்பி அப்படியே இருந்தாலும் ஒன்றும் ஆகாது, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.